வளைவில் நின்ற வண்டி

வணக்கம் சார்,

பெங்களூரில் எலெக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பார்த்து ஓடும் சின்ன ரோபோ ஒன்றை நண்பர்களோடு செய்தேன். வீட்டில் அதன் மூளையான ஆர்டுயினோ போர்டுக்கு லேப்டாப்பிலிருந்து வயர், மோட்டாருக்கு மட்டும் 9 வோல்ட் பேட்டரி. நன்றாக ஓடியது. கல்லூரியில் இரண்டுக்கும் அதே பேட்டரி. நேராகப் போனது; வளைவு வந்ததும் நின்றது, தொடக்கத்தில் மட்டும் கத்த வேண்டிய பஸர் மறுபடி கத்தியது. மூன்று முறையும் இதே கதை. எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் ரெடிமேடாக வாங்கி வந்தவர்களுக்குப் பரிசு. தோல்விதான் பாடம் என்கிறார் அப்பா. ரிப்போர்ட்டில் ‘பேட்டரி பிரச்சினை’ என்று எழுதி முடித்துவிடலாமா?

ம., அல்சூர்

அன்புள்ள தம்பி,

எழுதலாம். ஆனால் அது, வயிற்றுவலிக்கு ‘உடம்பு சரியில்லை’ என்று லீவு லெட்டர் கொடுப்பது மாதிரி. அப்பா சொல்லும் பாடம் அதில் எங்கே இருக்கிறது?

உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, அந்தப் பஸரில். அது மறுபடி கத்தியதென்றால் ஆர்டுயினோ ரீசெட் ஆகி, முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது. வளைவில் நடப்பது போல, நின்ற மோட்டார் கிளம்பும்போதும் திசை மாறும்போதும், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அந்தச் சதுர 9 வோல்ட் பேட்டரியால் அதைத் தாங்க முடியாது. வோல்டேஜ் சட்டென்று விழும், அதே பேட்டரியில் ஓடும் ஆர்டுயினோவும் ரீசெட் ஆகும். வீட்டில் லேப்டாப் காப்பாற்றியது.

இது என் ஊகம்தான். சோதித்துப் பாருங்கள். ஆர்டுயினோவின் 5 வோல்ட் முனையில் மல்டிமீட்டரை வைத்து, சக்கரத்தை விரலால் ஒரு நொடி பிடியுங்கள். எண் எவ்வளவு இறங்குகிறது? (மீட்டர் மெதுவானது, கண நேரச் சரிவைக் காட்டாது, அதனால்தான் பிடிக்கச் சொல்கிறேன்.) அப்புறம் பேட்டரியை மட்டும் எடுத்துவிட்டு ஆறு பென்சில் செல் போடுங்கள். அதுவும் 9 வோல்ட்தான். புரோகிராமில் கை வைக்க வேண்டாம். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது.

படிக்கும் காலத்தில் நான் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) சர்க்யூட் செய்தேன். ரிலேயை இயக்கும் பிசி547 டிரான்சிஸ்டர் செத்துக்கொண்டே இருந்தது. மட்டமான சரக்கு என்று கடைக்காரரைத் திட்டியபடி எஸ்.பி. ரோட்டுக்கு மூன்றாம் முறை போனேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “ரிலேக்கு டயோடு போட்டியா தம்பி?” என்றார். மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் அந்தச் சின்னப் பொருளை நான் போடவில்லை. ரிலே அணையும்போது அதன் காயில் எழும் வோல்டேஜ்தான் டிரான்சிஸ்டரைக் கொன்றிருக்கிறது. பத்து 1என்4007 டயோடு வாங்கிக்கொண்டு, திட்டியதற்கு மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தேன்.

பரிசு வாங்கியவர்களை விடுங்கள். அவர்களுடைய வண்டி நின்றால் எங்கே தொடுவது என்று அவர்களுக்குத் தெரியாது.

ரிப்போர்ட்டில் இரண்டு எண்களையும் எழுதுங்கள்: பழைய பேட்டரியில் எவ்வளவு இறங்கியது, பென்சில் செல்லில் எவ்வளவு. என் ஊகம் தப்பாக இருந்தால் அதையும் எழுதி அனுப்புங்கள், இங்கேயே போடுகிறேன்.