திட்டங்கள் இருந்தும் விளிம்புநிலைப் பெண்களை அவை ஏன் எட்டுவதில்லை?

நலத்திட்டங்கள் இருந்தும் விளிம்புநிலைப் பெண்களுக்கு உதவி ஏன் கிடைப்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் தடை பெரும்பாலும் ஆவணம்தான். உதவி குடும்பத் தலைவரின் பெயரில் பதிவாகும் இடங்களில், கணவனால் கைவிடப்பட்டும் சட்டப்படி மணவிலக்குப் பெறாத பெண், தாம் தனித்து வாழ்வதை நிரூபிக்கும் சான்றுக்கே அலைய நேர்கிறது. அந்த அலைச்சலில் இழக்கும் நாட்கூலியை எவரும் கணக்கில் கொள்வதில்லை. ஊரகப் பெண்கள் சமூகப் பாதுகாப்பில் நேரடியாகப் பயன்பெற வேண்டும் என ஐ.நா.வின் 1979ஆம் ஆண்டுப் பெண்ணுரிமை உடன்படிக்கை 14ஆம் பிரிவில் கூறியிருப்பது இதனால்தான் முக்கியமாகிறது. வீட்டுவேலை போன்ற பதிவில்லாத உழைப்பு, சந்தா செலுத்திப் பெறும் ஓய்வூதியத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது. சொந்தக் கைபேசி இல்லாதவருக்கு இணையவழி விண்ணப்பம் இன்னொரு பூட்டு. இவற்றினும் கொடியதாக நான் கருதுவது, உரிமை கேட்டு வந்தவரை இரந்து நிற்பவராக நடத்தும் போக்கு. அவமதிக்கப்பட்டவர் மீண்டும் வரத் தயங்குவார். அவர் வராததைத் தேவை இல்லாததாக நிர்வாகம் எண்ணிக்கொள்ளும்.