கழுதைக்காரச் சிப்பாய்

அன்புள்ள ஐயா,

மெல்போர்னில் ஒன்பது வருடமாக இருக்கிறோம். என் மகன் நான்காம் வகுப்பு. ஏப்ரல் 25, போரில் இறந்த ஆஸ்திரேலிய, நியூசிலாந்துச் சிப்பாய்களை நினைவுகூரும் அன்சாக் நாளுக்காகப் பள்ளியில் ஒரு சின்ன நாடகம் போடுகிறார்கள். அவனுக்கு சிம்சன் வேஷம். முதல் உலகப்போரில், துருக்கியில் கலிப்போலி என்ற இடத்தில், அடிபட்ட 300 பேரைக் கழுதை மேல் ஏற்றிக் காப்பாற்றிய ஆஸ்திரேலியச் சிப்பாய் என்று வசனம். அட்டையில் கழுதை செய்யும் வேலை என் தலையில்.

படம் தேடப் போனால், கதை பாதிக்கு மேல் பொய், அந்த ஆள் கப்பலிலிருந்து ஓடிப்போனவர், ஆஸ்திரேலியரே இல்லை என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். பையனிடம் எதைச் சொல்வது? என் மாமியார் வேறு, "யாரோ போட்ட சண்டை, யாரோ செத்தான், நமக்கென்ன" என்கிறார். அதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வசனத்தில் 300 என்பதை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள். மற்றபடி உங்கள் மகன் தாராளமாக நடிக்கலாம்.

கணக்கு எளிது. சிம்சன் கரையிறங்கியது 1915 ஏப்ரல் 25, செத்தது மே 19. நடுவில் 24 நாள். 300 பேர் என்றால் ஓய்வே இல்லாமல் நாளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று நடை போயிருக்க வேண்டும். மேலே பள்ளத்தாக்கின் தலைமாட்டிலிருந்து கீழே கடற்கரை வரை, இரு பக்கச் சரிவிலிருந்தும் குறிபார்த்துச் சுடுகிற வழியில். அங்கே யாரும் நோட்டுப் போட்டு எண்ணவும் இல்லை. எண்ணிக்கை பிற்பாடு எழுதியவர்கள் ஒட்டவைத்தது.

இன்னொன்று. கழுதை மேல் யாரை ஏற்ற முடியும்? காலில் குண்டு பட்டு, நிமிர்ந்து உட்காரத் தெம்பு உள்ளவனை. வயிற்றிலோ தலையிலோ பட்டவனை ஏற்றினால் வழியிலேயே போய்ச் சேர்ந்துவிடுவான். அவர்களை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து, இரண்டு பேரோ நான்கு பேரோ தூக்கிக்கொண்டு அதே பாதையில் இறங்கினார்கள். இவர்களுக்குச் சிலை இல்லை. 2013இல் ஆஸ்திரேலிய அரசின் விசாரணைக் குழு ஒன்று, சிம்சனுக்கு வீரத்துக்கான மிக உயர்ந்த பதக்கமான விக்டோரியா கிராஸ் கொடுக்கலாமா என்று பழைய காகிதங்களையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றது. அவருடைய துணிச்சலில் குறை சொல்லவில்லை. அவருடைய பிரிவில் ஸ்ட்ரெச்சர் தூக்கிய மற்றவர்களும் அதே துணிச்சலோடுதான் இருந்தார்கள் என்றது, அவ்வளவுதான். எனக்கு அந்தத் தீர்ப்பு பிடித்திருக்கிறது.

சரி, ஆள் யார்? முழுப்பெயர் ஜான் சிம்சன் கிர்க்பேட்ரிக். பிறந்தது 1892இல், இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் சவுத் ஷீல்ட்ஸ் என்ற துறைமுக ஊரில். சின்ன வயதில் கோடை விடுமுறை நாட்களில் அந்த ஊர்க் கடற்கரையில் கழுதைச் சவாரி நடக்கும். காசு கொடுத்த பிள்ளைகளை ஏற்றிக் கழுதையைப் பிடித்து நடத்துவது இவன் வேலை. கலிப்போலியில் தண்ணீர் சுமக்கக் கொண்டுவந்து விட்டிருந்த கழுதைகளைப் பார்த்ததும் மற்றவர்களுக்குத் தோன்றாதது இவனுக்கு ஏன் தோன்றியது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

அப்பா இறந்ததும் சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். 1910இல் ஆஸ்திரேலியாவின் நியூகாசில் துறைமுகத்தில் கப்பலை விட்டு ஓடியது உண்மை. அப்புறம் குவீன்ஸ்லாந்தில் கரும்பு வெட்டு, நியூ சவுத் வேல்ஸில் நிலக்கரிச் சுரங்கம், கடைசியில் கரையோரக் கப்பல்களில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப்போடும் வேலை. நான்கு வருடம் இப்படி அலைந்தாலும் அம்மாவுக்குப் பணம் அனுப்புவதை விடவில்லை. கடிதமும் எழுதினார். இங்கிலாந்துக்கு ஒரு நல்ல புரட்சி வேண்டும், கோடீஸ்வரர்களையும் பிரபுக்களையும் துடைத்தெறிய வேண்டும் என்று 1912இல் அம்மாவுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. இப்படி எழுதியவரைத்தான் சாம்ராஜ்யத்துக்காக உயிர்விட்ட உத்தமர் என்று ஆள் சேர்க்கும் பிரசாரத்தில் தூக்கிப் பிடித்தார்கள். உயிரோடு இருந்திருந்தால் சிரித்திருப்பார், அல்லது கெட்ட வார்த்தை சொல்லியிருப்பார்.

1914 ஆகஸ்டில் பெர்த்தில் பட்டாளத்தில் சேர்ந்தபோது கிர்க்பேட்ரிக்கை விட்டுவிட்டு, அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரான சிம்சனை மட்டும் கொடுத்தார். ஓடிப்போன மாலுமி என்று பிடித்துவிடுவார்கள் என்ற பயமாக இருக்கலாம். சேர்ந்ததற்கும் பெரிய காரணம் இல்லை. படை இங்கிலாந்துக்குத்தான் போகும், அரசாங்கச் செலவில் ஊர் போய் அம்மாவைப் பார்த்துவிடலாம் என்ற கணக்கு. கப்பல் எகிப்தில் இறக்கிவிட்டது. ஊரைப் பார்க்காமலே போய்விட்டார்.

உங்கள் மாமியார் கேட்டதற்கு வருகிறேன். சிம்சன் தன் மருத்துவப் பிரிவோடு தங்கவில்லை. தினம் ஒருமுறை தலையைக் காட்டினால் போதும் என்று மேலதிகாரிகள் விட்டுவிட்டார்கள். அவர் இராத்தங்கியது நம் ஆட்களோடு. பிரிட்டிஷ் இந்தியப் படையின் 21ஆம் கோஹாட் மலைப் பீரங்கிப் படை அங்கே இருந்தது. பீரங்கியைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கோவேறு கழுதை மேல் ஏற்றி மலையில் கொண்டுபோகிற படை. சீக்கியர்களும் பஞ்சாபி முஸ்லிம்களும்தான் அதிகம். கழுதைக்குத் தீனி அங்கேதான் கிடைக்கும், அதனால் அங்கேயே படுக்கை, அங்கேயே சாப்பாடு. 22 வயது வெள்ளைக்காரப் பையனுக்கு அவர்கள் வைத்த பெயர் 'பகதூர்'. வீரன் என்று அர்த்தம். மற்றவர்கள் கழுதையோடு இவர் போவதைக் கண்டு வியந்திருக்கலாம். மிருகத்தோடு மலை ஏறுவதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் பார்த்து வைத்த பெயர் இது. நான் தருவதாக இருந்தால் அவருக்கு இந்த ஒரு பதக்கம்தான் தருவேன். தமிழர்கள் அதில் இல்லை என்று மாமியார் சொல்லக்கூடும். சொல்லட்டும்.

மே 19 விடிவதற்குள் சுமார் 42,000 துருக்கியர்கள் பெரிய தாக்குதல் ஒன்றைத் தொடங்கினார்கள். அன்று பகல் முடிவதற்குள் அவர்களில் ஏறக்குறைய 3,000 பேர் செத்தார்கள். ஐந்து நாள் கழித்துப் பிணங்களைப் புதைப்பதற்காகவே இரு தரப்பும் சண்டையை நிறுத்தவேண்டி வந்தது. இந்தப் பக்கம் இறந்தவர்கள் 160 பேர். அதில் ஒருவர் சிம்சன். காலையில் பள்ளத்தாக்கில் மேலே போகும்போது, வழக்கமாகச் சாப்பிடுகிற தண்ணீர்க் காவலிடத்தில் காலைச் சாப்பாடு தயாராகவில்லை. பரவாயில்லை, திரும்பி வரும்போது நல்ல சாப்பாடாகப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனதாகச் சொல்கிறார்கள். அடிபட்டவரோடு இறங்கி வருகையில் இயந்திரத் துப்பாக்கிக் குண்டு பட்டது. அன்றைக்கே கடற்கரை ஓரத்தில் புதைத்தார்கள்.

மறுநாள், அங்கே ஒரு பிரிகேடை, அதாவது சில ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவை, நடத்திய கர்னல் ஜான் மோனாஷ், சிம்சனும் அந்தச் சின்ன மிருகமும் பள்ளத்தாக்கின் மேல்பகுதியில் இருந்த எல்லோருடைய மதிப்பையும் பெற்றார்கள் என்று மேலிடத்துக்கு எழுதினார். ஒரு சாதாரணச் சிப்பாயைப் பற்றி ஒரு கர்னல் உட்கார்ந்து எழுதியது சின்ன விஷயம் இல்லை. 1996இல் வந்த நூறு டாலர் நோட்டில் மோனாஷ் படத்தின் பின்னணியில் கழுதையும் ஆளும் பொடியாக இருப்பார்கள். கையில் அகப்பட்டால் பையனிடம் காட்டுங்கள்.

படம் என்றதும் ஞாபகம் வருகிறது. அட்டைக் கழுதைக்கு மாதிரி தேடினால் ஒரு பிரபலமான ஓவியம் அகப்படும். ஹொரேஸ் மூர்-ஜோன்ஸ் வரைந்தது. சிம்சன் என்றே தலைப்பு, கூடவே அவர் வாங்காத ஒரு பதக்கத்தின் பெயரும் உண்டு. ஆனால் படத்தில் இருப்பவர் நியூசிலாந்துக்காரர் டிக் ஹெண்டர்சன். அவரும் கழுதையில் ஆள் ஏற்றியவர்தான். அவருடைய போட்டோவைப் பார்த்து ஓவியர் வரைந்துவிட்டார். பள்ளி ஆசிரியரான ஹெண்டர்சன் இது நான் என்று முப்பது வருடத்துக்கும் மேல் வாயைத் திறக்கவில்லை. இவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இன்னொரு நாள்.

மகனிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். கடற்கரையில் பிள்ளைகளைக் கழுதையில் ஏற்றி நடத்திய பையன், பெரியவனாகி இன்னொரு கடற்கரைக்கு அடிபட்டவர்களை ஏற்றிவந்தான் என்று சொல்லிப் பாருங்கள். நாடக ஆசை போகாது என்றுதான் நினைக்கிறேன். கப்பலிலிருந்து ஓடினார் என்று தெரிந்தால் இன்னும் கூடினாலும் கூடும்.

கழுதைக்குப் பெயர் எழுதி ஒட்டவேண்டும் என்றால் டஃபி என்கிறார்கள், மர்பி என்கிறார்கள், அப்துல் என்றும் சொல்கிறார்கள். ஒரே கழுதைதானா என்பதே சந்தேகம். அவனுக்குப் பிடித்ததை ஒட்டிக்கொள்ளட்டும்.