சிங்கப்பூருக்கு பார்ட்டி ட்ரிப் வந்தா பேங்காக் மாதிரி இருக்குமா?

திருச்சிலேர்ந்து நாலு ஃப்ரெண்ட்ஸ் வர்றீங்க, பேங்காக், பட்டாயா எல்லாம் பாத்தாச்சு, இந்த தடவ சிங்கப்பூர்ல மூணு ராத்திரி, அங்க மாதிரி விடிய விடிய ஆடலாமா, எவ்ளோ ஆகும், தமிழ் பாட்டு போடுற கிளப் இருக்கா, நாலு பேர்ல ஒருத்தர் குடிக்கவே மாட்டாரு அவருக்கு போரடிக்குமான்னு கேட்டுருக்கீங்க.

மொத கேள்விக்கு பதில்: இருக்காது ப்ரோ. அத எதிர்பாத்து வந்தா ரெண்டாவது நாளே ஒருத்தர ஒருத்தர் திட்டிக்குவீங்க. ஆனா இந்த ஊரு ராத்திரிக்குன்னு தனியா ஒரு ருசி இருக்கு, என்ன, எல்லாத்துக்கும் இங்க ஒரு டைம் உண்டு, அது தெரிஞ்சு வந்தா காசும் மிச்சம், ஜாலியாவும் இருக்கும். நான் இங்கயே பொறந்து வளந்தவன், பாலிடெக்னிக் படிக்கிறப்ப ஆத்தங்கரைல பாரா வரிசையா இருக்குற போட் கீல ஒரு பப்ல பார்ட் டைமா க்ளாஸ் தூக்கிருக்கேன், இப்ப ஆபீஸ் முடிஞ்சு அதே வரிசைல கஸ்டமரா ஒக்காந்துக்கிறேன். அதனால கவுன்டருக்கு ரெண்டு பக்கமும் தெரியும்.

மொதல்ல மனசுல வச்சுக்க வேண்டிய நேரம் 10:30. ராத்திரி 10:30-லேர்ந்து காலைல 7 மணி வரைக்கும் கடைல பாட்டில் வாங்கிட்டு போக முடியாது, பார்க்கு, ரோட்டோரம், ஆத்தங்கரை, அடுக்குமாடி புளோக்கு கீழ தெறந்து இருக்குற வாய்ட் டெக்குன்னு பொது எடத்துல குடிக்கவும் கூடாது. 2015 ஏப்ரல் 1-லேர்ந்து இதுதான் சட்டம், மீறுனா 1000 வெள்ளி (சிங்கப்பூர் டாலரத்தான் இங்க வெள்ளிம்போம்) வரைக்கும் ஃபைன், திரும்ப மாட்டுனா ஜெயிலுக்கும் வழி இருக்கு. பாருக்குள்ள, சாப்பாட்டோட பீரும் விக்கிற லைசென்ஸ் இருக்குற கோப்பிக்கடைக்குள்ள, உங்க ஹோட்டல் ரூமுக்குள்ள குடிக்கிறதுக்கு இந்த கணக்கு கெடையாது. ஆத்தங்கரை பக்கம் இருக்குற சின்ன கடைங்கள்ல 10:20-க்கு போய் நின்னு பாருங்க, ஒரு கூட்டமே ஓடி வரும், கேஷியர் ஒரு கண்ண மானிட்டர் மேலயே வச்சுக்கிட்டு ஸ்கேன் பண்ணுவாங்க, 10:30 ஆச்சுன்னா ஃப்ரிட்ஜ் கதவுக்கு பூட்டு. வரிசைல அடுத்த ஆளா நின்னாலும் அவ்ளோதான், கெஞ்சி ஒண்ணும் ஆகாது, பாவம் அவங்க லைசென்ஸ் போய்டும்.

நீங்க பெரும்பாலும் தேக்கா, அதான் லிட்டில் இந்தியா பக்கம், சிராங்கூன் ரோட்ல ரூம் போடுவீங்கன்னு நெனைக்கிறேன், நம்ம ஊரு சாப்பாடு வேணும்ல. அங்க ரூல் இன்னும் இறுக்கம். லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் தனி கட்டுப்பாட்டு வட்டாரம், சனிக்கிழம காலைல 7 மணிலேர்ந்து திங்கக்கிழம காலைல 7 மணி வரைக்கும் பொது எடத்துல ஒரு கேன் கூட தொறக்கக்கூடாது, பொது விடுமுறைக்கும் அதே கதைதான். 2013 டிசம்பர் 8, ஒரு ஞாயித்துக்கிழம ராத்திரி, ரேஸ் கோர்ஸ் ரோட்ல தமிழ்நாட்டுலேர்ந்து வந்த ஒரு தொழிலாளி பஸ்ல அடிபட்டு எறந்துட்டாரு, அதுலேர்ந்து கலவரம் வெடிச்சுது, விசாரணைக் குழு குடியும் ஒரு காரணம்னு சொன்னாங்க, அதுக்கப்பறம் வந்ததுதான் இதெல்லாம். எனக்கு இதுல ஒரு வருத்தம் உண்டு, வாரம் ஃபுல்லா வேல பாத்துட்டு ஞாயித்துக்கிழம தெடல்ல கூட்டாளிங்களோட ஒக்காந்து ஒரு பீர் அடிச்ச ஆளுங்க மேலதான் அந்த அடி விழுந்துச்சு, ஆத்தங்கரைல 18 வெள்ளிக்கு ஒரு பைன்ட் பீர் வாங்க முடிஞ்சவங்களுக்கு ஒரு மாத்தமும் இல்ல. சரி அத விடுங்க.

இப்ப காசு. இங்க சரக்கு வெல ஏன் இப்டி இருக்குன்னா வரி. ஸ்பிரிட்ஸ் வகைக்கு அதுல இருக்குற ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 88 வெள்ளின்னு தீர்வை போடுறாங்க, அப்டின்னா 40 சதவீதம் உள்ள 700 மில்லி விஸ்கி பாட்டில்ல 24 வெள்ளி 64 காசு வெறும் தீர்வைக்கே போய்டுது, அது மேல ஜிஎஸ்டி வேற. அதனால சாங்கி ஏர்போர்ட்ல எறங்குனதும் ட்யூட்டி ஃப்ரீல வாங்கிருங்க. 18 வயசு ஆயிருக்கணும், 48 மணி நேரமாவது சிங்கப்பூருக்கு வெளிய இருந்துருக்கணும், ஆளுக்கு மொத்தம் 2 லிட்டர், அதுல ஸ்பிரிட்ஸ் 1 லிட்டருக்கு மேல போகக்கூடாது. இதுல நம்மாளுங்க நெறைய பேர் மாட்டுற எடம் ஒண்ணு இருக்கு: மலேசியாலேர்ந்து வந்து எறங்குனா இந்த சலுகை கெடையவே கெடையாது. டிக்கெட் மலிவுன்னு திருச்சிலேர்ந்து கோலாலம்பூர் வழியா வர்றவங்க ரெண்டு தடவ யோசிங்க. சிகரெட்டுக்கு யாருக்குமே சலுகை இல்ல, பாக்கெட் இருந்தா கஸ்டம்ஸ்ல சிவப்பு வழில போய் சொல்லிட்டு வரிய கட்டிருங்க.

பாருக்கு போனா மெனுல போட்டுருக்குற வெல உண்மையான வெல இல்ல. பக்கத்துல ப்ளஸ் ப்ளஸ்னு ரெண்டு குறி இருக்கும், ஒண்ணு 10 சதவீத சர்வீஸ் சார்ஜ், இன்னொண்ணு அதையும் சேத்து அது மேல 9 சதவீத ஜிஎஸ்டி. 20 வெள்ளின்னு நெனச்சு ஆர்டர் பண்ற காக்டெயில் பில்லுல 23 வெள்ளி 98 காசா வந்து நிக்கும். நான் வேல பாத்த பப்ல வாரம் தவறாம ஒரு டேபிளாவது பில்ல கைல வச்சுக்கிட்டு மெனுவ திரும்ப கேப்பாங்க, நான் எதுவும் பேசாம அந்த ரெண்டு ப்ளஸ் மேல வெரல வச்சு காட்டுவேன். சர்வீஸ் சார்ஜ் போட்டுட்டாங்கன்னா தனியா டிப்ஸ் வைக்க வேணாம், யாரும் எதிர்பாக்க மாட்டாங்க.

அதனால உள்ளூர்க்காரங்க என்ன பண்ணுவோம்னா மொதல்ல ஹேப்பி ஹவர். சாயந்தரம் ஆரம்பிச்சு 8 மணி, சில எடத்துல 9 மணி வரைக்கும் ஒன் ஃபார் ஒன், அதாவது ஒண்ணு வாங்குனா ஒண்ணு ஃப்ரீ ஓடும். நேரம் முடிய பத்து நிமிஷம் இருக்கப்ப வெயிட்டர் வந்து கடைசி ரவுண்டு வேணுமான்னு கேப்பாரு, அப்ப ஆளுக்கு ரெண்டா சொல்லி வச்சுக்குறது எல்லாரும் பண்றதுதான், கூச்சப்படாதீங்க. இல்லன்னா நேரா கோப்பிக்கடை. பிளாஸ்டிக் நாக்காலி, மேல காத்தாடி, பீர் கம்பெனி சட்டை போட்ட ஆண்ட்டி ஒருத்தர் பக்கெட்ல ஐஸ் போட்டு பெரிய பாட்டில் டைகர கொண்டாந்து வைப்பாங்க, 633 மில்லி, பத்து வெள்ளிக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம். பீர்ல ஐஸ் கட்டி போட்டு குடிப்போம், சிரிக்காதீங்க, இந்த புழுக்கத்துக்கு அதுதான் சரி. பக்கத்து டேபிள் அங்கிளுங்க திடீர்னு "யாஆஆம் செங்"னு (நம்ம சியர்ஸ்தான்) மூச்சு முட்ட இழுத்து கத்துவாங்க, நீங்களும் கிளாச தூக்குங்க, அடுத்த நிமிஷம் அவங்க கடலை உங்க டேபிள்ல இருக்கும். என்னைய கேட்டா மூணு ராத்திரில ஒண்ண இதுக்கே ஒதுக்கிருங்க, மத்த ரெண்ட விட இதத்தான் ஊருல போய் சொல்வீங்க.

காசு செலவு பண்ணி ஒரு நல்ல பாருக்கு போகணும்னா பூகிஸ் பக்கத்துல பார்க்வியூ ஸ்குவேர்ல அட்லஸ். கூரை வரைக்கும் கோபுரம் மாதிரி ஜின் பாட்டில அடுக்கி வச்சுருப்பாங்க, புக் பண்ணிட்டு போங்க, அரை டிரவுசர் செருப்போட போனா வாசல்லயே திருப்பிருவாங்க. ராஃபிள்ஸ் ஹோட்டல் லாங் பார்ல சிங்கப்பூர் ஸ்லிங் காக்டெயில் குடிக்கணும்னு எல்லாரும் வர்றாங்க, 1915-ல ஙியாம் டோங் பூன்னு ஒரு பார்டெண்டர் அங்க கலந்தது, வரியெல்லாம் சேத்தா 40 வெள்ளிய தாண்டிரும், எனக்கு அது ரோஸ்மில்க்கோட சித்தப்பா பையன் மாதிரிதான் இருந்துச்சு. ஆனா அங்க கடலைய ஒடச்சு தோல தரைலயே போடலாம், குப்ப போட்டா ஃபைன் போடுற ஊர்ல அது ஒரு சொகம், நாலு பேருக்கு ஒண்ணு வாங்கிட்டு கடலைய காலி பண்ணிட்டு வாங்க. வியூ வேணும்னா மெரினா பே ஃபைனான்சியல் சென்டர்ல 33-வது மாடில லெவல்33, பீர அங்கயே காய்ச்சுறாங்க, 8 மணிக்கும் 9 மணிக்கும் எதுக்க தண்ணில லைட் ஷோ ஓடும், அதுக்கு முன்னாடி சீட்ட புடிச்சுருங்க.

ஆடணும்னா கிளார்க் கீ. ஸூக் கிளப் அங்கதான் இருக்கு, 1991-ல ஜியாக் கிம் ஸ்ட்ரீட்ல பழைய கெடங்குல ஆரம்பிச்சது, 2016 கடைசில இங்க மாறிடுச்சு, எங்க அண்ணன் செட்டுக்கு அந்த பழைய எடம்தான் எல்லாம், இன்னமும் பொலம்புவாங்க. மெரினா பே சேண்ட்ஸ்ல மார்க்கீ, கிளப்புக்குள்ளயே ராட்டினம் சுத்தும், பணத்த எங்க கொட்டுறதுன்னு தெரியாதவங்களுக்கு. பாஸ்போர்ட் ஒரிஜினல் கைல இருக்கட்டும், ஃபோன்ல ஃபோட்டோ காட்டுனா சில எடத்துல உள்ள விடமாட்டாங்க. கொரோனா சமயத்துல 2020 மார்ச்லேர்ந்து 2022 ஏப்ரல் 19 வரைக்கும் கிளப்ப எல்லாம் மூடியே வச்சுருந்தாங்க, அதுல காணாம போனது நெறைய, அதனால பழைய வீடியோ பாத்து லிஸ்ட் போடாதீங்க. கிளப்புக்கு பேர் போன ஆர்ச்சர்ட் டவர்ஸ் கட்டடத்த பத்தி ஊருல யாராவது பெருசு கண்ணடிச்சு சொல்லி அனுப்புனா, அங்க இருந்த கிளப்புக்கெல்லாம் 2023-லேயே பூட்டு போட்டாச்சுன்னு சொல்லிருங்க.

தமிழ் பாட்டு கேட்டீங்கல்ல, இதுல ரெண்டு வகை இருக்கு, கொழப்பிக்காதீங்க. ஒண்ணு டிஜே நைட், எங்கயாவது ஒரு கிளப்ப ஒரு ராத்திரிக்கு எடுத்து குத்துப் பாட்டா போடுவாங்க, பசங்க பொண்ணுங்க எல்லாம் வருவாங்க, இன்ஸ்டால போஸ்டர் சுத்தும், அது சூப்பரா இருக்கும், தாராளமா போங்க. இன்னொண்ணு மேடைல பொண்ணுங்க வரிசையா நின்னு ஆடுற கிளப். உள்ள போய் ஒக்காந்து பீர் வந்து பத்து நிமிஷம் ஆகாது, வெயிட்டர் குனிஞ்சு காதுகிட்ட "அண்ணே, மாலை போடலாமா"ம்பாரு. அம்பது, நூறு, அதுக்கு மேலன்னு மாலைக்கு ரேட்டு, நீங்க தலையாட்டுனா உங்க பேர்ல அந்த பொண்ணு கழுத்துல விழும், அது உங்க பக்கம் பாத்து ஒரு சிரிப்பு, அடுத்த பாட்டுல மாலைய கழட்டி உள்ள கொண்டு போய்டுவாங்க, அதே மாலை அடுத்த டேபிள் அண்ணனுக்காக திரும்ப வெளிய வரும். சம்பளம் மொத்தத்தையும் ஒரு ராத்திரில இப்டி மாலையா போட்டவங்கள எனக்குத் தெரியும். காசு ஒரு பக்கம் இருக்கட்டும், பங்களாதேஷ் பொண்ணுங்கள கொண்டாந்து கொடுமப்படுத்தி ஆட வச்ச ஒரு தம்பதிக்கு 2020-ல ஆள்கடத்தல் தடுப்புச் சட்டத்துல ஜெயில் தண்டன குடுத்தாங்க, எல்லா எடமும் அப்டின்னு நான் சொல்லல, ஆனா அந்த கேசுக்கு அப்பறம் எனக்கு அங்க ஒக்காந்து கை தட்ட மனசு வரல.

அடுத்த டைம் 12 மணி. எம்ஆர்டி கடைசி ட்ரெயின் அத ஒட்டித்தான் போகும், மறுபடி காலைல அஞ்சரைய சுத்தி. நடுவுல டாக்சி, மீட்டர் மேல 50 சதவீதம் நள்ளிரவு கட்டணம், கிளப் விடுற நேரத்துல ஆப்ல புக் பண்ற கிராப் ரேட்டு கண்ண கட்டும். அதுக்கு நாங்க பண்ற வேல சப்பர், அதான் நடுராத்திரி சாப்பாடு. வெளிய வந்து ஒடனே புக் பண்ணாம கொஞ்ச தூரம் நடந்து 24 மணி நேர பிராட்டா (நம்ம பரோட்டாதான்) கடைல ஒக்காந்து ரெண்டு கோசோங், அதாவது வெறும் பிராட்டா, ஒரு முட்ட பிராட்டா, மீன் கறிய ஊத்திக்கிட்டு, கூட ஆத்துன பால் டீ தே தாரிக், ஒரு மணி நேரம் கத பேசுனா ரேட்டு தன்னால எறங்கிரும், தலையும் தெளிஞ்சிரும்.

சண்ட, கஞ்சா, வேப், பொண்ணுங்க மேல கை, இந்த நாலும் இங்க விளையாட்டு இல்ல. வேப், அதான் எலக்ட்ரானிக் சிகரெட்டு, வச்சுருக்குறதே குத்தம், பைலேயே கொண்டாராதீங்க. மானபங்கத்துக்கு 3 வருஷம் வரைக்கும் ஜெயில், பிரம்படியும் விழலாம், போதைல தெரியாம பட்டுருச்சுன்னு சொன்னா கேக்க ஆள் இல்ல, கிளப்ல எல்லா மூலைலயும் கேமரா.

செலவுன்னு பாத்தா, ஒரு கோப்பிக்கடை ராத்திரி ஆளுக்கு 40 வெள்ளில சாப்பாட்டோட முடியும், ஹேப்பி ஹவர் ப்ளஸ் ஒரு நல்ல பார்னா நூறு, கிளப் நைட்டுக்கு நூத்தம்பதுக்கு கொறையாம எடுத்து வைங்க, மேல போறது உங்க சாமர்த்தியம். நாள பொறுத்த வரைக்கும் வியாழக்கிழம எறங்குற மாதிரி வாங்க, போட் கீல ஆபீஸ் கூட்டம் ஜேஜேன்னு இருக்கும், கிளப்புக்கு வெள்ளி, சனி. எஃப்1 கார் ரேஸ் நடக்குற வாரத்த மட்டும் தவிர்த்துருங்க, ரூம் வெல கேட்டா போதை எறங்கிரும்.

அப்பறம் அந்த குடிக்காத ஃப்ரெண்டு. அவருக்கு போரடிக்காது, இங்க பார்ல மாக்டெயிலும் கிட்டத்தட்ட காக்டெயில் வெலைக்கு வித்துத்தான் கொல்லுவாங்க, அதனால பில்ல நாலா பிரிக்கிறப்ப அவர் சண்டைக்கு வர மாட்டாரு. கிளப் வாசல்ல வாங்குற கவர் சார்ஜ்ல பெரும்பாலும் ஒரு டிரிங்க் சேந்துருக்கும், அந்த கூப்பன யாருக்கு குடுக்குறதுன்னு அவரே முடிவு பண்ணட்டும், மூணு பேரும் அன்னைக்கு ராத்திரி அவர்கிட்ட ரொம்ப மரியாதையா நடந்துக்குவீங்க பாருங்க.