நல்ல ஸ்பீக்கர், நல்ல சிங்கிள் மால்ட்: ரெண்டும் ஏன் ஒரே ஆளுக்குப் பிடிக்குது?

கேள்வி: ஹை-ஃபை ஆடியோ, கிராஃப்ட் விஸ்கி ரெண்டையும் ஹாபியா வச்சிருக்கவங்க யாராச்சும் இருக்கீங்களா? காசு இருக்கவங்க பந்தா பண்ற விஷயம் தானா இது, இல்ல நெஜமாவே அதுல ஏதாவது இருக்கா?

நான் இருக்கேங்க. சொந்த ஊர் ஈரோடு, பெங்களூர் வந்து பதினாறு வருஷம் ஆச்சு. ஸ்பீக்கர், ஆம்ப் (ஸ்பீக்கருக்கு பவர் குடுக்கற ஆம்ப்ளிஃபயர்), எல்பினு (பெரிய இசைத்தட்டு) எறங்கி பத்து வருஷத்துக்கு மேல, சிங்கிள் மால்ட் (ஒரே எடத்துல, மொளகட்டின பார்லில மட்டும் காச்சின விஸ்கி) பக்கம் வந்தது அதுக்கு அப்புறம். நெஜமாவே இதுல விஷயம் இருக்கு, ஆனா கடைக்காரங்க காட்ற எடத்துல இல்ல. ரெண்டுலயும் எனக்குப் பெரிய சந்தோஷம் குடுத்தது எல்லாமே காசே ஆகாத, இல்ல ரொம்ப கம்மியா ஆன விஷயங்க தான். அது எனக்குப் புரியறதுக்குள்ள கை விட்டுப் போன காசு நெறைய, அதனால கொஞ்சம் விவரமாவே எழுதறேன்.

எங்க தாய்மாமா 80கள்ல ஈரோட்டுல ரெக்கார்டிங் சென்டர் வச்சிருந்தாரு. இப்ப இருக்க பசங்களுக்கு இது தெரிய வாய்ப்பில்ல, பேப்பர்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் குடுத்துட்டு வந்தா எல்பில இருந்து கேசட்டுக்கு பதிஞ்சு குடுப்பாங்க, டிடிகே 60க்கு ஒரு ரேட்டு, 90க்கு ஒரு ரேட்டு, மெல்ட்ராக் கேசட்னா இன்னும் கொஞ்சம் கம்மி. ஸ்கூல் விட்டா நான் நேரா அங்க தான். மாமா ஒவ்வொரு தட்டையும் வெல்வெட் துணியால தொடச்சு, ஊசில ஒட்டியிருக்க தூசிய சின்ன ப்ரஷ்ஷால தட்டிவிட்டு, லெவல் மீட்டர் முள்ளையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. "கண்ணு, முள்ளு செவப்புலயே நின்னுச்சுன்னா பாட்டு பொரியும்டா, கொஞ்சம் எறக்கி வெய்யி"ம்பாரு. அந்த முள்ளோட ஆட்டத்துல தான் என் காது பழகுச்சு, அத இன்னிக்கும் நன்றியோட நெனச்சுக்கறேன்.

சம்பளம் கொஞ்சம் ஏறினதும் இடுப்பு உயரத்துக்கு மேல வர்ற பெரிய ஃப்ளோர் ஸ்டாண்டிங் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கினேன். ஷோரூம்ல தேன் மாதிரி கேட்டுச்சு. வீட்டுல கொண்டாந்து வச்சா ஒரே கும்முனு இருக்கு, பேஸ் கிட்டார் எந்த நோட்டு வாசிச்சாலும் ஒரே நோட்டாட்டம் கேக்குது, பாடறவங்க கொரல் அதுக்குள்ள முங்கிப் போவுது. போயி கேட்டா கேபிள மாத்துங்க சார்னு 18,000 ரூபாய்க்கு ஒரு ஒயர் தலைல கட்டினாரு, ஒரு இம்மி மாறல. அப்புறம் ஆம்ப் மேல சந்தேகப்பட்டு அத வித்தேன், அப்பவும் அதே கும்மு.

பிரச்சன ரூம்ல இருந்துச்சு. என் ரூம் 12 அடி நீளம். சத்தம் ஒரு செகண்டுக்கு சுமார் 343 மீட்டர் போகும், அத ரூம் நீளத்தோட ரெண்டு மடங்கால வகுத்தா கிட்டத்தட்ட 47 ஹெர்ட்ஸ் வருது, அந்த ஃப்ரீக்வென்ஸி வரும்போதெல்லாம் ரெண்டு செவுத்துக்கும் நடுவுல அலை மாட்டிக்கிட்டு ஊதிப் பெருசாகுது. அதோட அழுத்தம் செவுத்து ஓரத்துல தான் ஜாஸ்தி, நானோ சோஃபாவ பின் செவுத்தோட ஒட்டிப் போட்டு உக்காந்திருந்தேன், ஸ்பீக்கர் முன் செவுத்தோட ஒட்டி நின்னுச்சு. ஒரு ஞாயித்துக்கிழம மதியம் ஸ்பீக்கர ரெண்டரை அடி முன்னாடி இழுத்தேன், சோஃபாவ மூணு அடி தள்ளிப் போட்டேன், ரெண்டு ஸ்பீக்கரும் என் தலையும் சேந்து சமமான முக்கோணம் வர்ற மாதிரி நூல் பிடிச்சு அளந்தேன். தரையில அம்மா குடுத்த பவானி ஜமுக்காளத்த ரெண்டா மடிச்சு விரிச்சேன். அப்புறம் மனைவிய ஒரு கண்ணாடிய பக்கத்து செவுத்துல நகத்திக்கிட்டே போகச் சொல்லி, நான் உக்காந்த எடத்துல இருந்து எந்த எடத்துல ஸ்பீக்கர் கண்ணாடில தெரியுதோ அங்க புத்தக அலமாரிய நகத்தி வச்சேன், ஏன்னா அந்த எடத்துல பட்டு திரும்பி வர்ற சத்தம் தான் நேரா வர்ற சத்தத்தோட கலந்து கொழப்பும்.

அன்னிக்கு சாயந்தரம் ஒரு கச்சேரி ரெக்கார்டிங் போட்டேன். மிருதங்கத்துல தொப்பி பக்கம் விழற அடி தனியா, வலந்தலை தனியா, நடுவுல பாடகர், அவருக்குப் பின்னாடி மெலிசா தம்புரா. அதே பெட்டி, அதே ஆம்ப் தாங்க, புதுசா வாங்கினது ஒண்ணுமே இல்ல. எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

அப்புறம் அந்தப் பெரிய ஸ்பீக்கரையும் குடுத்துட்டு சின்னதுக்கு மாறினேன். பிபிசி 1970கள் ஆரம்பத்துல எல்எஸ்3/5ஏனு ஒரு சின்ன மானிட்டர் (ரெக்கார்டிங்க சரி பாக்கற ஸ்பீக்கர்) டிசைன் பண்ணாங்க, வெளிய போயி ரெக்கார்ட் பண்ற வேனுக்குள்ள எடம் இருக்காதுல்ல, அதுக்காக. ஒரு அடி உயரம் தான், கீழ் பேஸ் பெருசா கெடையாது, ஆனா மனுஷக் கொரல அவ்வளவு நெஜமா சொல்லும். அதே வழில செஞ்ச ஒரு ஜோடி தான் இப்ப என்கிட்ட இருக்கு, சின்ன ரூமுக்குனு பொறந்த பெட்டி. இதுல ஒரு விஷயம் கவனிக்கணும். அந்த பிபிசி பெட்டியோட சென்சிட்டிவிட்டி சுமார் 83 டெசிபல், அதாவது 1 வாட் குடுத்தா 1 மீட்டர் தூரத்துல அவ்வளவு சத்தம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் வாட்ட டபுள் பண்ணணும். 95 டெசிபல் வேணும்னா 16 வாட் ஆச்சு. நான் ஆசப்பட்டு 8 வாட் வால்வு ஆம்ப் (பழைய ரேடியோல இருக்க மாதிரி கண்ணாடி வால்வு வச்சது) ஒண்ணு மாட்டி, தவில் வந்த எடத்துல எல்லாம் கரகரத்துப் போச்சு. வால்வு ஆம்ப் மேல தப்பில்ல, ஜோடி சேரல. ஆம்ப் வாங்கறதுக்கு முன்னாடி இந்தக் கணக்க ஒரு தடவ போட்டுப் பாருங்க.

விஸ்கிக்கு வர்றேன். நம்ம ஊர்ல விஸ்கினு விக்கறதுல நெறைய கரும்பு மொலாசஸ்ல காச்சின ஸ்பிரிட்ல கொஞ்சம் மால்ட் கலந்தது, அத சோடா ஊத்தி, மிக்சர் வச்சுக்கிட்டு மடக்குனு இறக்கறது தான் பழக்கம். நானும் அப்படித்தான் இருந்தேன், ருசினு ஒண்ணு அதுல இருக்கும்னு யோசிச்சதே இல்ல. ஆபீஸ்ல ஒரு சீனியர் அவர் வீட்டுல அம்ருத் ஃப்யூஷன்னு ஒரு சிங்கிள் மால்ட் ஊத்திக் குடுத்தாரு, 30 மில்லி, துலிப் பூ மாதிரி வாய் குறுகின கிளாஸ்ல. "குடிக்காதப்பா, மொதல்ல பத்து நிமிஷம் மோந்து பாரு"ன்னாரு. மொதல்ல ஸ்பிரிட் நெடி மட்டும் தான் ஏறுச்சு. கொஞ்ச நேரத்துல வெல்லப்பாகு, அப்புறம் ஆரஞ்சு தோல், அதுக்கும் பின்னாடி வெறகடுப்பு அணைச்ச மறுநாள் காலைல சமையக்கட்டுல இருக்குமே, அந்தப் புகை. எங்க அப்புச்சி வீட்டு வாசன அது.

அந்தப் புகைக்கு காரணம் அதுல நாலுல ஒரு பங்கு ஸ்காட்லாந்துல பீட் (சதுப்பு நிலத்துல வெட்டி எடுக்கற, எரியற மண்ணு) மூட்டி காயவச்ச பார்லி, மீதி மூணு பங்கு நம்ம நாட்டு பார்லி. அம்ருத் 1948ல இங்க பெங்களூர்ல ஆரம்பிச்ச கம்பெனி, ஆனா அவங்க சிங்கிள் மால்ட்ட 2004ல முதல் முதல்ல வெளியிட்டது கிளாஸ்கோல. நம்ம கடைக்கு வர 2010 ஆச்சு.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் வெயில். ஸ்காட்லாந்து குளிர்ல, விஸ்கிய முதிர வைக்கற மர பீப்பாய்ல இருந்து வருஷத்துக்கு 2 சதவீதம் தான் ஆவியாப் போகும், பெங்களூர்ல 10 சதவீதத்துக்கும் மேல. கணக்குப் போட்டா 8 வருஷத்துல அங்க 15 சதவீதம் தான் கொறையும், இங்க பாதிக்கும் மேல காலி. அதுக்குப் பதிலா இங்க மரத்துல இருக்க சாரம் வேகமா எறங்கிடுது, அதனால தான் நாலஞ்சு வருஷ இந்திய மால்ட் அவ்வளவு முதிர்ச்சியா இருக்கு. பாட்டில்ல 12, 18னு போட்டிருக்க வருஷ நம்பர மட்டும் பாத்து வாங்காதீங்கனு நான் எல்லார்கிட்டயும் சொல்றது இதுக்குத் தான். கிராஃப்ட்னு கேட்டிருந்தீங்க, எனக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் கில்ஹோமன் மாதிரி டிஸ்டில்லரி, அதாவது விஸ்கி காச்சற எடம். 2005ல ஸ்காட்லாந்தோட ஐலா தீவுல ஆரம்பிச்சாங்க, அந்தத் தீவுல 124 வருஷத்துக்கு அப்புறம் வந்த புது டிஸ்டில்லரி. ஒரு பகுதி பார்லிய பக்கத்து வயல்லயே வெளைய வச்சு, தரையில பரப்பி மொளகட்ட வச்சு, காச்சி, பீப்பாய்ல போட்டு, பாட்டில்ல அடைக்கற வரைக்கும் எல்லாம் அங்கயே நடக்கும். நெல்லு அவிச்சு களத்துல காயப்போட்ட வீட்டுல பொறந்தவனுக்கு அது எவ்வளவு வேலைனு தெரியும்.

இங்கயும் காசாகாத விஷயம் தண்ணி. அஞ்சாறு சொட்டு, அதுக்கு மேல வேணாம். புகை வாசனைக்கு காரணமான குவாயகால்ங்கற பொருள் ஆல்கஹால் ஜாஸ்தியா இருந்தா உள்ளயே கரைஞ்சு கெடக்கும், கொஞ்சம் தண்ணி சேந்ததும் மேற்பரப்புக்கு வரும்னு ஸ்வீடன்ல லின்னேயஸ் யுனிவர்சிட்டி ஆளுங்க 2017ல கம்ப்யூட்டர் சிமுலேஷன் போட்டு காட்டினாங்க. நீங்களே ஒரே விஸ்கிய ரெண்டு கிளாஸ்ல ஊத்தி ஒண்ணுல மட்டும் சொட்டு விட்டு மோந்து பாருங்க.

ஒரு தடவ நண்பர்கள் நாலு பேர் சேந்து எங்க வீட்டுல ஒரு டெஸ்ட் வச்சோம். மொதல்ல ஆடியோ. அந்த 18,000 ரூபா கேபிளையும் ரிச்சி ஸ்ட்ரீட்ல மீட்டர் கணக்குல வாங்கின ஒயரையும் மனைவி துணிக்குப் பின்னாடி மாத்தி மாத்திப் போட்டாங்க, பத்து தடவைல எனக்கு சரியா வந்தது அஞ்சு, மத்தவங்களுக்கும் நாலு, ஆறுனு அதே கதை. அப்புறம் கண்ணக் கட்டிட்டு ஒரு ஸ்பீக்கர அரை அடி செவுத்துப் பக்கம் தள்ளினாங்க, நாலு பேரும் உடனே சொல்லிட்டோம். அதுக்கு அப்புறம் தான் நம்பர் ஒட்டின நாலு கிளாஸ்ல விஸ்கி, ஆளுக்கு பத்து மில்லி கூட இல்ல. இருக்கறதுலயே வெல ஜாஸ்தியான 18 வருஷ ஸ்காட்ச்ச மூணு பேர் மூணாவது எடத்துல வச்சோம். அந்த ராத்திரிக்கு அப்புறம் நான் விலைப்பட்டியல் பாக்கறத விட்டுட்டேன்.

ஏன் ஒரே ஆளுக்கு ரெண்டும் பிடிக்குதுனா, ரெண்டுக்கும் ஒரே நேரக் கணக்கு. எல்பி ஒரு பக்கம் இருபது நிமிஷ சுமார், திருப்பிப் போட்டா இன்னொரு இருபது, 30 மில்லி கிளாஸும் சரியா அவ்வளவு நேரம் தாங்கும், அது வரைக்கும் போன் இன்னொரு ரூம்ல. ஜப்பான்ல இத ரொம்ப நாளா பண்றாங்க. ஜாஸ் கிஸ்ஸானு சொல்ற கடைங்க, யோகோஹாமால சிகூசானு ஒண்ணு 1933லயே தொறந்தது. வெளிநாட்டு தட்டு தனி ஆளால வாங்க முடியாத வெலை, அதனால ஒரு காப்பிக்கு காசு குடுத்துட்டு உக்காந்து அங்க இருக்க நல்ல செட்ல கேப்பாங்க, பின்னாடி நெறைய கடைங்கள்ல விஸ்கியும் வந்துச்சு. இதப் படிச்சப்ப எனக்கு மாமாவோட ரெக்கார்டிங் சென்டர் தான் ஞாபகம் வந்துச்சு, அங்கயும் எல்பி வாங்க வசதியில்லாத காலேஜ் பசங்க வாசல்ல நின்னு கேட்டுட்டுப் போவாங்க.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லணும். குடிப்பழக்கம் இல்லாதவங்க இந்த ஹாபிக்காக ஆரம்பிக்க வேணாம், நல்ல ஃபில்டர் காப்பி வச்சுக்கிட்டாலும் அந்த நாப்பது நிமிஷம் அதே நாப்பது நிமிஷம் தான். என் கணக்கு வாரத்துல ஒரு நாள், 30 மில்லி, அதோட பாட்டில் உள்ள போயிடும். ரெண்டாவது ஊத்தினா மூக்கும் மந்தம், காதும் மந்தம், தட்டு ஓடிட்டு இருக்கும் நான் கேட்டுட்டு இருக்க மாட்டேன். குடியால வீடு சீரழிஞ்சத எங்க சொந்தத்துலயே பாத்திருக்கேன், அதனால இந்தக் கோட்ட நான் தாண்டறதில்ல.

போன தீபாவளிக்கு மாமா வந்திருந்தாரு, வயசு எழுவத்தி நாலு, குடிக்க மாட்டாரு, மோர் குடுத்தோம். ஸ்பீக்கர் என்ன வெலைனு கூட கேக்கல, சோஃபாவுல நடுவுல உக்காந்து கண்ண மூடிட்டு ஒரு பக்கம் முழுசா கேட்டாரு. முடிஞ்சதும், "கண்ணு, எடது பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்குதுடா"ன்னாரு. டேப் எடுத்து அளந்து பாத்தேன். கூட்டிப் பெருக்கறப்ப நகந்திருக்கும் போல, எடது ஸ்பீக்கர் செவுத்துக்கு ரெண்டு இஞ்ச் கிட்ட இருந்துச்சு.