குடும்பப் படங்களில் ‘பிரதிநிதித்துவம்’ என்கிறார்களே, யார் நடித்தால் என்ன?

ஒரு சமூகத்தினர் கதையில் வருவதோடு, அவர்களைத் திரையில் காட்டும் வேலையிலும் அவர்களுக்கே பங்கு இருப்பதுதான் பிரதிநிதித்துவம். 2021-இல் வந்த ‘கோடா’ என்ற அமெரிக்கப் படத்தைப் பாருங்கள். மீன்பிடிக் குடும்பம்; அப்பா, அம்மா, அண்ணன் மூவருக்கும் காது கேட்காது, மகளுக்கு மட்டும் கேட்கும். அந்த மூவராக நடித்தவர்களும் நிஜத்தில் காது கேளாதவர்களே. அப்பாவாக வந்த டிராய் காட்சர் துணை நடிகருக்கான ஆஸ்கர் வாங்கினார்.

காது கேளாதவர்களே நடிக்க வேண்டும் என்பதற்குக் காரணம் மொழியில் இருக்கிறது. சைகை மொழியின் இலக்கணம் கையில் மட்டுமல்ல, முகத்திலும் உண்டு. அமெரிக்கச் சைகையில் ஆம்-இல்லை கேள்விக்குப் புருவம் உயரும். ‘யார்’, ‘ஏன்’ என்றால் சுருங்கும். சில மாதப் பயிற்சியோடு வருபவர் கையைச் சரியாக அசைத்துவிட்டு இதைக் கோட்டை விடுவார். மொழி தெரியாத நடிகை வசனத்தை மனப்பாடம் செய்து வாயசைப்பது போலத்தான். அங்கே டப்பிங் காப்பாற்றிவிடும். கைக்கு யார் டப்பிங் கொடுப்பது?

கேமராவும் மாற வேண்டும். முகத்துக்கு மட்டும் குளோசப் வைத்தால் கை ஃப்ரேமுக்கு வெளியே போய் வசனமே அறுந்துவிடும். எதிரில் நிற்பவரின் முகபாவத்துக்கு எடிட்டர் பாதியில் வெட்டினாலும் அதே கதிதான். அதனால் இடுப்பு முதல் தலை வரை தெரிகிற ஷாட்தான் பாதுகாப்பு. மானிட்டர் பக்கத்தில் சைகை மொழியிலேயே வளர்ந்த ஒருவர் இருந்தால் பிசகு அங்கேயே பிடிபடும்.

காது கேளாத பாத்திரம் இருந்தாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ‘கோடா’வுக்கு மூலமான 2014-ஆம் ஆண்டுப் பிரெஞ்சுப் படத்திலும் அப்படிப்பட்ட பெற்றோர் உண்டு, ஆனால் நடித்தவர்கள் காது கேட்பவர்கள், அதற்காகவே காது கேளாதோரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது.