மயங்கி விழுந்த பட்டதாரி

கேள்வி: '2019-இல் கல்லூரியிலிருந்து பாஸ் அவுட் ஆனேன்' என்று பயோடேட்டாவில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். அமெரிக்காவில் இருக்கும் அத்தை மகன் 'மயக்கம் போட்டு விழுந்தாயா?' என்று சிரிக்கிறான். எது சரி?

பதில்: இரண்டும் சரி. அமெரிக்காவில் படித்து முடித்தவர் 'கிராஜுவேட்' ஆவார், 'பாஸ் அவுட்' ஆனவருக்கு முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். போதாததற்கு, தாள்களை விநியோகிப்பதற்கும் அங்கே அதே சொல்தான். ஆகவே வாத்தியார் கேள்வித்தாளைப் பாஸ் அவுட் செய்ய, அதைப் பார்த்த மாத்திரத்தில் பையன் பாஸ் அவுட் ஆகலாம். நம்மூர்ப் பையனென்றால் நாலு வருஷம் கழித்து இன்னொரு தடவையும் ஆவான்.

நம்முடையது பட்டாளத்து ஆங்கிலம். பயிற்சி முடித்து வெளியே வரும் அதிகாரிகளுக்கு டேராடூனிலும் நம் பரங்கிமலையிலும் இன்றைக்கும் 'பாஸிங் அவுட்' அணிவகுப்புதான். பட்டாளத்திலும் மயக்கம் இல்லாமல் இல்லை. 2023 ஜூனில் லண்டனில், மன்னர் பிறந்தநாள் அணிவகுப்பு ஒத்திகையில், கரடித்தோல் தொப்பியோடு நின்ற சிப்பாய்கள் சிலர் இளவரசர் வில்லியம் கண்ணெதிரே சாய்ந்தார்கள். வெயில் 30 டிகிரி (வேலூர்க்காரர்கள் சிரிக்கக் கூடாது). டிராம்போன்காரர் ஒருவர் விழுந்து, எழுந்து, மறுபடி வாசிக்கப் பார்த்தார். அவருக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தரலாம்.

வெளிநாட்டுக் கம்பெனிக்கு 'கிராஜுவேட்' என்றே எழுதுங்கள். பதற்றத்தில் 'பாஸ் அவே' என்று எழுதிவிடாதீர்கள், இன்டர்வியூவுக்கு வாரிசைத்தான் கூப்பிடுவார்கள்.

இதைப் படித்ததும் நம் தனித்தமிழ் நண்பர் கார்டு போடுவார். போன தடவை இதே சொல்லுக்கு 'வெளியேறினேன்' என்று எழுதச் சொன்னவர் அவர். ஐயா, கல்லூரியிலிருந்து வெளியேறினேன் என்றால் துரத்திவிட்டார்கள் என்றல்லவா எவரும் நினைப்பார்கள்! 'தேறினேன்' என்று ஒரு சொல் சும்மா கிடக்கிறதே, அதை ஏன் விட்டீர்கள்? பரீட்சையிலும் தேறலாம், காய்ச்சல் விட்டு உடம்பும் தேறலாம். 'இவன் தேறமாட்டான்' என்று என்னைப் பற்றிக் கணக்கு வாத்தியாரும் சொன்னார், டைபாய்டு வந்தபோது டாக்டரும் சொன்னார். டாக்டர் சொன்னது மட்டும் பலிக்கவில்லை. ஆங்கிலத்தில் படித்து முடித்தவன் மயங்கி விழுகிறான், தமிழில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்கிறான்.

சரி, வேலை கிடைத்ததா? மாசம் எவ்வளவு தேறும்?