போர்ட்ஃபோலியோ மேனேஜர் ஆக சிஎஃப்ஏ மட்டும் போதுமா?

கேள்வி: பி.காம் முடித்து, கோவையில் ஒரு பங்குத் தரகு அலுவலகத்தில் இரண்டு வருடமாக டீலராக, அதாவது வாடிக்கையாளர்களின் ஆர்டர்களைப் போடுபவராக, இருக்கிறேன். வயது 24. பிஎம்எஸ் (வாடிக்கையாளரின் முதலீட்டை அவருக்காக நிர்வகிக்கும் சேவை) நிறுவனத்தில் போர்ட்ஃபோலியோ மேனேஜர் ஆக வேண்டும். சிஎஃப்ஏ என்ற முதலீட்டுத் துறைப் பட்டயம் படித்தால் போதுமா? நண்பர்கள் சிலர் தங்கள் டீமேட் கணக்கைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். லாபத்தில் பங்கும் தருவார்களாம். அந்த அனுபவம் உதவுமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். நண்பர்களின் கணக்கைத் தொடாதீர்கள். பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியில் பதிவு பெறாமல், பணம் வாங்கிக்கொண்டு அடுத்தவர் முதலீட்டை நிர்வகிப்பது விதிமீறல். 'லாபத்தில் பங்கு' என்று வாய்ப்பேச்சோடு நிறுத்திக்கொண்டாலும் அதேதான். தரகு அலுவலகத்தில் இருக்கும் உங்களுக்கு இதனால் இருக்கிற வேலையும் போகலாம். நேர்காணலில் வெளியே சொல்ல முடியாத அனுபவத்தால் என்ன பயன்?

செபியின் 2020 விதிமுறைகளின்படி ஒரு பிஎம்எஸ் வாடிக்கையாளர் குறைந்தது 50 லட்சம் ரூபாய் போட வேண்டும். அந்தப் பணத்துக்குப் பொறுப்பான முதன்மை அதிகாரிக்கு நிதி, கணக்கியல், சட்டம், வணிக நிர்வாகம் இவற்றில் ஒரு தொழில்முறைத் தகுதியோ சிஎஃப்ஏ பட்டயமோ வேண்டும். கூடவே பங்குச்சந்தை சார்ந்த 5 வருட அனுபவமும், என்ஐஎஸ்எம் (பங்குச்சந்தைத் துறைக்கான தேர்வுகளை நடத்தும் நிறுவனம்) 21-பி தேர்வில் தேர்ச்சியும் தேவை. அந்த 5 வருடத்தில் 2 வருடமாவது போர்ட்ஃபோலியோ நிர்வாகத்திலோ, முதலீட்டு ஆலோசனையிலோ, ஃபண்டு நிர்வாகத்திலோ கழிந்திருக்க வேண்டும். பலர் சறுக்குவது இந்த 2 வருடத்தில்தான். டீலிங் மேசையிலேயே இருந்தால் அது சேராது.

ஆகவே அடுத்த வேலை ரிசர்ச் அனலிஸ்ட், அதாவது நிறுவனங்களை ஆராய்ந்து அறிக்கை எழுதுபவர். அதற்கான என்ஐஎஸ்எம் 15 தேர்வு 100 மதிப்பெண். 60 எடுத்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் 25 சதவீதம் கழியும். வேலை பார்த்துக்கொண்டே இரண்டு மூன்று மாதத்தில் முடிக்கலாம். ஆனால் வேலை வாங்கித் தருவது சான்றிதழைவிட நீங்கள் எழுதிய ஒரு நிறுவன அறிக்கை. ஊரறிந்த பெரிய வங்கி வேண்டாம். அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். உங்கள் பக்கத்திலேயே பட்டியலிடப்பட்ட பம்ப், நூற்பாலை நிறுவனம் ஒன்றை எடுங்கள். ஐந்து வருட ஆண்டறிக்கைகளிலிருந்து எண்களை நீங்களே எக்செல்லில் தட்டுங்கள். இணையதளத்திலிருந்து இறக்கினால் அடிக்குறிப்புகள் கண்ணில் படாது. விற்பனை 100 கோடியிலிருந்து 120 கோடியாகி, வர வேண்டிய பாக்கி 25 கோடியிலிருந்து 40 கோடியானால், பணம் வசூலாகும் காலம் 91 நாளிலிருந்து 122 நாளாகிவிட்டது என்று பொருள். விற்பனை கூடியது, சரக்கைக் கடனுக்குத் தள்ளியதால்தானா என்று அங்கே தோண்ட வேண்டும்.

நண்பர்கள் பணத்துக்குப் பதிலாக, 50,000 ரூபாயானாலும் சொந்தப் பணத்தில் ஒரு போர்ட்ஃபோலியோ நடத்துங்கள், அலுவலகத்தில் முன் அனுமதி வாங்கிக்கொண்டு. ஒவ்வொரு பங்கையும் ஏன் வாங்கினீர்கள், மொத்தப் பணத்தில் ஏன் 4 சதவீதம் மட்டும், ஏன் 8 இல்லை என்று வாங்கிய அன்றே எழுதி வையுங்கள். வருமானத்தை பிஎம்எஸ் நிறுவனங்கள் காட்ட வேண்டிய முறையிலேயே, அதாவது டிடபிள்யூஆர்ஆர் (டைம் வெயிட்டட் ரேட் ஆஃப் ரிட்டர்ன்) முறையில், கணக்கிடுங்கள். உதாரணமாக, 1 லட்சம் போட்டு அது 20 சதவீதம் ஏறி 1.2 லட்சம் ஆகிறது. அப்போது மேலும் 4.8 லட்சம் சேர்க்கிறீர்கள். மொத்தம் 6 லட்சம், பிறகு 10 சதவீதம் இறங்கி 5.4 லட்சம். போட்டது 5.8 லட்சம், கையில் 40,000 நஷ்டம். டிடபிள்யூஆர்ஆர் கணக்கில் 1.2 × 0.9 = 1.08, எனவே 8 சதவீத லாபம்! பணம் எப்போது வரும், போகும் என்பது வாடிக்கையாளர் முடிவு என்பதால், மேனேஜரின் திறமையை அதை நீக்கிவிட்டு அளக்கிறார்கள். இதைத் தடுமாறாமல் விளக்கினால் நேர்காணலில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

சிஎஃப்ஏ படிக்கலாம், வேலையை விடாமல். மூன்று நிலைகள், ஒவ்வொன்றுக்கும் சுமார் 300 மணி நேரப் படிப்பு. மூன்றையும் முடித்தாலும், குறைந்தது 36 மாதங்களில் 4,000 மணி நேரத் தொடர்புள்ள பணி இல்லாமல் பட்டயம் கிடைக்காது. தேர்வறைக்குள் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பிஏ 2 பிளஸ், ஹெச்பி 12சி வகைக் கால்குலேட்டர்களுக்கு மட்டுமே அனுமதி. பிஏ 2 பிளஸில் பழைய கணக்கின் எண்கள் நினைவில் தங்கிவிடும். ஒவ்வொரு முறையும் அழிக்காவிட்டால் வழிமுறை சரியாக இருந்தும் விடை தப்பும்.

சிஎஃப்ஏ தேர்வுக்கு பாஸ்போர்ட் கட்டாயம். பதிவுப் பெயர் அதில் உள்ளபடியே இருக்க வேண்டும். கல்லூரிச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர் என்பது நம் ஊரில் சகஜம். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பதிவு செய்யுங்கள்.